பத்தாவது ஏ

கிள்ளான் பள்ளத்தாக்கில், மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குக் கடுமையாகத் தயார்ப்படுத்தும் அரசுப் பள்ளி எது என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். எழுபதைத் தாண்டியவர்கள் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனைச் சொல்வார்கள். மலாய்க் குடும்பங்களில் முழு விடுதிப் பள்ளியும் மாராவின் இளநிலை அறிவியல் கல்லூரியும் முதலில் வரும். பெட்டாலிங் ஜெயாவில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஸ்ரீ அமான் என்பார்கள். எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் கேட்டாலோ ஒரே சொல்தான்: மெட்ரிகுலேஷன். தேர்வுப் பள்ளி இருக்கலாமா கூடாதா என்ற விவாதம் இந்த நாட்டில் காலங்கடந்தது; அவை நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகின்றன. கேட்க வேண்டியது, ஒவ்வொரு பள்ளியும் எந்த அளவுகோலால் பிள்ளையை அளக்கிறது, அது எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறதா என்பதே. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், மலேசியத் தமிழ்ச் சமூகம் இருபது ஆண்டுகளாகத் தன் குரல் வலிமை முழுவதையும் அளவுகோல் மறைந்து கிடக்கும் வாசலில் செலவழித்துவிட்டு, அளவுகோல் திறந்திருக்கும் ஆறாம் படிவத்தை ஏறக்குறையக் கைகழுவிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சுபாங் ஜெயாவிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1976-இல் சீஃபீல்டு ரப்பர்த் தோட்டத்தை வீடமைப்பு நகரமாக்கும் வேலை தொடங்கியது. தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒரு தமிழ்ப்பள்ளியிலும், யூ.எஸ்.ஜே.யில் ஓர் இடைநிலைப்பள்ளியிலும், 2018 நவம்பர்க் கலவரத்தால் நாடறிந்த மாரியம்மன் ஆலயத்திலும் தங்கியிருக்கிறது. பால்மரக் காடாக இருந்த நிலத்தைச் சுற்றி இன்று மலேசியாவின் தனியார் உயர்கல்வி அடர்ந்து நிற்கிறது. சன்வே கல்லூரி 1987-இல் தொடங்கியது, மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 1998-இல் வந்தது, டெய்லர்ஸ் தன் ஏரிக்கரை வளாகத்தை 2010-இல் திறந்தது, எஸ்.எஸ்.15-இல் இன்டி இருக்கிறது. பணம் இருந்தால் ஏ-லெவல், அடிப்படைப் படிப்பு, ஆஸ்திரேலியப் புகுமுகம் என எதை வேண்டுமானாலும் சில கிலோமீட்டருக்குள் வாங்கிவிடலாம். பல்லாயிரம் ரிங்கிட் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதே சுற்றளவில் மிஞ்சுவது அரசின் இரண்டு வழிகள்: ஓராண்டு மெட்ரிகுலேஷன், ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவம். பழைய தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த வழி, எப்படித் திறக்கிறது என்பது இங்கே வெறும் கல்விக் கொள்கைப் பேச்சாக இருக்க முடியாது.

வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய மனக்கசப்புகள் பலவும் அங்கேதான் வேர்விட்டிருக்கின்றன. 1893-இல் நிறுவப்பட்ட விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1929-இல் பெட்டாலிங் குன்றுக்கு இடம்பெயர்ந்தது. கோலாலம்பூர் நகரத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது சீன வணிகர், யாழ்ப்பாணத்து எழுத்தர், ரயில்வே ஊழியர், ஒருசில மலாய் அதிகாரி ஆகியோரின் வீட்டுப் பையன்களுக்கு, ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கான நேர்வழியாக இருந்தது. பின்னாளில் அதன் ஆறாம் படிவத்துக்குச் சிலாங்கூரின் மற்றப் பள்ளிகளிலிருந்தும் மாணவர்கள் போட்டியிட்டு வந்தார்கள். ஆண்கள் பள்ளியானாலும் அந்த வகுப்புகளில் மட்டும் பெண்களும் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் 1938-இல் பிறந்த ஆனந்த கிருஷ்ணன் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலிருந்து விக்டோரியாவுக்கும், அங்கிருந்து கொழும்புத் திட்ட உதவித்தொகையில் மெல்பர்னுக்கும் போனது இந்தப் பாதையின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால் பிரிக்பீல்ட்ஸுக்கும் சீஃபீல்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை மைல் கணக்கில் அளக்க முடியாது. 1912 தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளியைப் பள்ளி நடத்தச் சொன்னது உண்மை. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை தொடக்க வகுப்போடு நின்றன. ஆங்கில இடைநிலைப்பள்ளி நகரத்தில் இருந்தது, பேருந்துக்கும் கட்டணத்துக்கும் கைக்காசு வேண்டியிருந்தது. தோட்டத்துப் பையன் திறமையில் பின்தங்கி வெளியே நிற்கவில்லை. தேர்வு நடந்த இடத்துக்கே அவன் வந்து சேரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தொடக்கப்பள்ளி முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாதவர்களுக்கு இடைநிலைப்பள்ளி கிடையாது. இங்கிலாந்தின் பதினோரு வயதுத் தேர்வின் மலாயா நகல் அது. 1964-இல் அரசு அதை எடுத்தெறிந்தது; 1965 முதல் ஆறாம் ஆண்டு முடித்த எல்லாரும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றாயிற்று. மலேசியக் கல்வி வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முடிவு அதிகமில்லை என்பேன். பன்னிரண்டு வயதில் பிள்ளையின் தலையெழுத்தை எழுதக் கூடாது என்று இங்கிலாந்தே முழுதாகத் தீர்மானிக்காத காலத்தில் இந்த நாடு தீர்மானித்துவிட்டது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் பி.டி.3 தேர்வு 2022-இலும் நிறுத்தப்பட்டபோது, அந்த முடிவு இன்னும் இரண்டு படி முன்னே போனது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பொதுத்தேர்வு போனதால் தேர்ந்தெடுப்பது போய்விடவில்லை. முழு விடுதிப் பள்ளிகள் தமக்கென்று தனி நுழைவுத் தேர்வு வைத்துக்கொண்டன. மாரா கல்லூரிகளும் அப்படியே. முன்பு தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு ஏழு ஏ என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. இன்று எந்த மதிப்பெண் எந்தக் கதவைத் திறக்கிறது என்று வகுப்பாசிரியராலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

விடுதிப் பள்ளிகளைப் பற்றித் தமிழர் பேச்சில் அடிக்கடி ஒரு கோபம் எட்டிப்பார்க்கும். அதை நியாயமாக எடைபோட வேண்டும். கோலகங்சார் மலாய்க் கல்லூரி 1905-இல் மலாய் அரச குடும்பத்தாருக்கும் மேட்டுக்குடியினருக்கும் என்று தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, குறிப்பாக 1971-இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு, விடுதிப் பள்ளிகளின் நோக்கம் மாறிப்போனது. மின்சாரம் எட்டாத கம்பத்திலிருந்து கணிதத்தில் கெட்டிக்காரப் பையனைக் கண்டுபிடித்து, படிக்க மேசையும் மூன்று வேளைச் சாப்பாடும் ஆய்வுக்கூடமும் தந்து மருத்துவராக்குவது என்ற திட்டம் அது. 1972-இல் சிரம்பானில் முதல் மாரா இளநிலை அறிவியல் கல்லூரி பிறந்ததும் அதே நோக்கத்தில்தான். அந்தத் திட்டம் வென்றது. அரை நூற்றாண்டில் ஒரு மலாய் நிபுணர் வர்க்கம் உருவானதில் இந்தப் பள்ளிகளின் பங்கைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தமிழர் தரப்பில் எழ வேண்டிய வினா வேறு: ஏழைக்குப் படிக்கும் மேசை கொடுத்தால் தலைமுறை மாறும் என்று அரசு தன் கையாலேயே நிரூபித்திருக்கும்போது, அந்த மேசை ஏன் தோட்டத்து லயத்துக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கும் வரவில்லை? 2002-இல் மாரா கல்லூரிகளில் பத்து விழுக்காடு மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறப்பு என்று பார்த்தால் அது சிறிது. அதைப் பயன்படுத்திக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் அதைவிடச் சிறிது.

இனி மெட்ரிகுலேஷன். கல்வி அமைச்சின் இந்தத் திட்டம் 1990-களின் இறுதியில் வந்தது. முதலில் முழுக்கப் பூமிபுத்ரா மாணவருக்கு. பல்கலைக்கழகச் சேர்க்கையில் தகுதி முறை என்று அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, பத்து விழுக்காடு பிறருக்கென்று வந்தது. 2012-இல் இந்திய மாணவருக்கு 1,500 இடம் என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். 2017-இல் அது 2,200 ஆகும் என்றார். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்ந்தன; 90-க்கு 10 என்ற விகிதம் அப்படியே நின்றது. இந்த எண்களை ம.இ.கா. மேடையிலும் எதிர்க்கட்சி மேடையிலும் கேட்டுக் கேட்டு நம் காது தடித்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாடகம்: அழைப்பு வந்தவர் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை, அறிவியல் கேட்டவருக்குக் கணக்கியல் வந்ததா, கிள்ளான் பிள்ளைக்குப் பந்திங் கல்லூரி இருக்க வடகோடியில் இடம் வந்ததா, இடத்தை விட்டுக்கொடுத்தவரை மறுத்தவராக எண்ணினார்களா. கணக்கு வெளியில் இல்லாதபோது இரு தரப்பும் தத்தம் எண்ணைச் சொல்ல முடிகிறது. மறைவான அளவுகோல் அரசியல்வாதிக்கு வசதி. இடம் கிடைத்தால் அது அவர் வாங்கிக் கொடுத்தது; கிடைக்காவிட்டால் அது அடுத்தவர் தடுத்தது. சொந்த மதிப்பெண்ணால் உள்ளே போன பிள்ளைகூட யாருக்கோ நன்றி சொல்ல வேண்டிய நிலை.

இந்த இருட்டில் 2024 ஜூன் 30 அன்று ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. எஸ்.பி.எம்.மில் 10 ஏ-க்கும் அதற்கு மேலும் எடுத்த எல்லாருக்கும், இனம் பாராமல், மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். இது நல்ல முடிவு. முதன்முறையாக ஓர் எண் வெளியே வந்தது. ஆனால் அந்த எண்ணைப் பள்ளியின் கால அட்டவணைமேல் வைத்துப் பாருங்கள். சாதாரண இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவில் படிக்கும் தமிழ் மாணவி எடுக்கும் பாடங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். எண்ணிப் பாருங்கள், ஒன்பது. ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் அவளுக்கு உறுதி கிடையாது. பத்தாவது பாடம் என்று ஒன்று வேண்டும். பெரும்பாலும் அது தமிழ்மொழி. சட்டப்படி பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம். நடைமுறையில் ஆசிரியர் இருக்க வேண்டும், நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பல பள்ளிகளில் அது பள்ளி முடிந்த பின்போ சனிக்கிழமையிலோதான் நடக்கிறது, சில இடங்களில் டியூஷன் ஆசிரியரை நம்பி தனித்தேர்வராக எழுதுவதாகவே முடிகிறது. தமிழில் ஏ எடுப்பது எளிதல்ல என்பது ஐந்தாம் படிவ மாணவரிடையே தலைமுறை தலைமுறையாக வரும் அச்சம். அதனாலேயே கெட்டிக்கார மாணவர் பலர் ‘மதிப்பெண்ணைக் கெடுத்துவிடும்’ என்று தமிழை விட்டுவந்தார்கள். இப்போது அதே தமிழ் அவர்களுக்குப் பத்தாவது ஏ-யாக வேண்டியிருக்கிறது. தமிழாசிரியர் இருக்கும் பள்ளியில் படித்தவளுக்கு வாசல் திறக்கும். ஆசிரியர் மாற்றலாகிப் போன பள்ளியில் படித்தவளுக்குத் திறக்காது. இரண்டு பெண்களின் திறமையும் ஒன்றேயாக இருக்கலாம். போதாததற்கு, ஏ மைனஸ் கணக்கில் சேருமா சேராதா என்ற சர்ச்சை 2025-இல் கிளம்பியது. அளவுகோல் தெரிந்தால் மட்டும் போதாது. அது அளப்பதை எல்லாப் பள்ளியும் கற்றுக் கொடுத்திருக்கவும் வேண்டும்.

ஆறாம் படிவத்தை இந்த இரண்டு சோதனைக்கும் உட்படுத்திப் பாருங்கள். உள்ளே வர மலாய்மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, குறிப்பிட்ட பாடங்களில் கிரெடிட் என்று நிபந்தனை வெளிப்படை. எந்த இனத்துக்கும் ஒதுக்கீடு இல்லை, எந்த அமைச்சருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. உள்ளே போனபின் நடப்பது கடுமையான படிப்பு. மூன்று பருவம், பொதுவாக நான்கு பாடம், கூடவே மியூயெட் ஆங்கிலத் தேர்வு. மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. தமிழையே ஒரு பாடமாக எடுத்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குப் போகலாம். வெளியேறும்போது நடக்கும் தேர்வும் எண்ணில் தெரியும்: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்விக்குத் தொண்ணூறு, புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து. நான்கு பாடத்திலும் ஏ என்றால் சராசரி 4.00, கல்விக்கு முழுத் தொண்ணூறு. ஒரு பாடத்தில் மட்டும் ஏ மைனஸ் வந்தால் சராசரி 3.92, கல்விக்கு 88.2. அந்த 1.8 புள்ளி இழப்பு, மாவட்ட அளவு செஸ் போட்டிக்கும் சாரணர் பொறுப்புக்கும் ஓடித் திரிந்து சேர்க்கும் புறப்பாடப் புள்ளிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மருத்துவம் கேட்கும் பிள்ளையின் வாழ்க்கை இந்தத் தசமத்தில் தொங்குகிறது. கொடுமைதான், ஆனால் கணக்கிட்டுப் பார்க்க முடிகிற கொடுமை. பிள்ளை தன் புள்ளியைத் தானே போட்டுப் பார்த்து எங்கே நிற்கிறோம் என்று அறிந்துகொள்ளலாம்.

உடனே ஒரு மறுப்பு வரும், அது வலுவான மறுப்பு. மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடிகிறது, விடுதி உண்டு, மாதப்படி உண்டு, பாடத்திட்டம் ஒப்பீட்டளவில் இலகு. இரண்டின் முடிவும் ஒரே விண்ணப்பத்தில் ஒரே நான்குக்கு எடைபோடப்படுகின்றன. அப்படியிருக்க ஏழை வீட்டுப் பிள்ளை ஏன் கடினமான நீண்ட வழியை எடுக்க வேண்டும்? தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய்மொழிக்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்த பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் என்பது சின்ன விலை அல்ல. வீட்டில் அடுத்த பிள்ளை காத்திருக்கும். தனி மாணவருக்கு நான் சொல்லும் ஆலோசனையும் இதுதான்: மெட்ரிகுலேஷன் அழைப்பு வந்தால், கேட்ட பிரிவும் கிடைத்தால், போய்ச் சேருங்கள். ஆனால் தனி மாணவருக்கு நல்லது வேறு, சமூகம் தன் வலுவை எங்கே போட வேண்டும் என்பது வேறு. அழைப்பு வராத பிள்ளைகள் பெரும்பான்மை. மெட்ரிகுலேஷன் பட்டியல் வந்த வாரத்தில் செய்தித்தாளை நிரப்பும் முறையீடுகள், அதே பிள்ளை ஆறாம் படிவத்தில் சேர்ந்த நாளிலிருந்து நின்றுவிடுகின்றன. அங்கே இயற்பியல் ஆசிரியர் இருக்கிறாரா, மூன்றாம் பருவத்துக்கு முன் மீள்பார்வை வகுப்பு நடக்கிறதா என்று எந்த இயக்கமும் கேட்பதில்லை. இரண்டு வேறுபட்ட தேர்வுகளை ஒரே தராசில் வைப்பது சரியா என்ற நியாயமான வினாவைக்கூட, ஆறாம் படிவத்தில் நம் பிள்ளைகள் திரளாக இருந்தால்தான் வலுவாக எழுப்ப முடியும்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. திறமையானவரைப் பிரித்தெடுத்துச் சேர்ந்து படிக்க வைக்காவிட்டால் அவர்கள் கூட்டத்தில் கரைந்துபோவார்கள், ஆகவே தமிழருக்கென்று ஒரு தேர்வுப் பள்ளியே வேண்டும் என்பது. கேட்க இனிமையான யோசனை. ஆதாரம் அவ்வளவு இனிமையாக இல்லை. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்து பொருளியலாளர்கள் அப்துல்காதிரோலு, ஆங்கிரிஸ்ட், பாதக் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே ‘மேட்டிமை மாயை’ என்று பொருள்படும். நுழைவு மதிப்பெண்ணின் எல்லைக்கோட்டில் நின்று மயிரிழையில் உள்ளே போனவர்களையும் மயிரிழையில் வெளியே நின்றவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பின்னாளைய தேர்வு மதிப்பெண்களில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளியின் பெயரை உயர்த்தியதில் பெரும்பங்கு அது உள்ளே எடுத்த மாணவர்களுடையதே. இதை வைத்து எல்லாத் தேர்வுப் பள்ளியும் வீண் என்று முடிவுகட்ட மாட்டேன். அந்த ஆய்வு எல்லைக்கோட்டு மாணவரைப் பற்றியது; பாஸ்டனில் வெளியே நின்றவனுக்கும் ஒரு நல்ல பள்ளி இருந்தது. வெளியே நின்றவனுக்கு ஆய்வுக்கூடமே இல்லாத ஊரில் விடுதிப் பள்ளி பெரிய மாற்றத்தைச் செய்யும். மலாய்க் கிராமங்களின் அனுபவம் அதைத்தான் காட்டுகிறது. ஆக, சுற்றியிருக்கும் பள்ளிகள் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கே தேர்வுப் பள்ளியின் பயன். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த இடைவெளியை அடைக்க மலிவான வழி, புதிதாகக் கட்டடம் எழுப்புவதைவிட, இருக்கிற ஆறாம் படிவத்துக்கு ஆசிரியரைச் சேர்ப்பது.

தமிழர் வாழும் மற்ற நாடுகளின் அனுபவத்தையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அரசு மாதிரிப் பள்ளிகள் மாவட்டந்தோறும் விரிந்திருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளையை ஐ.ஐ.டி. வரை கொண்டுபோவது அவற்றின் குறி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடத்தில் தனிப் பங்கு. சாதிக்கணக்கு வேறு இடத்தில் ஓட, இது படித்த பள்ளியை வைத்து அளக்கிறது. இலங்கையின் பாடம் கசப்பானது. 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் தேர்வு எழுதியவர் பல்கலைக்கழகம் நுழையச் சிங்களத்தில் எழுதியவரைவிட அதிக மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. அதன் விளைவை இங்கே வாழும் யாழ்ப்பாண வழியினருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த அநீதிக்கு எண் இருந்தது. இத்தனை மதிப்பெண் அவனுக்கு, இத்தனை எனக்கு என்று தாளில் எழுதிக் காட்ட முடிந்தது. எதிர்ப்புக்குப் பிடிமானமே அந்த எண்தான். மெட்ரிகுலேஷனில் தோற்ற தமிழ்ப் பிள்ளையின் கையில் அந்த எண்கூட இல்லை. ‘தங்கள் விண்ணப்பம் வெற்றிபெறவில்லை’ என்ற வரிதான் இருக்கிறது.

ஒதுக்கீட்டைத் தொடாமல் வெளிப்படைத்தன்மையைப் பேசுவது கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். தொண்ணூறுக்குப் பத்து என்பதே அநீதி, அதை எடுக்கச் சொல்லுங்கள் என்பார்கள். அந்த விகிதம் மக்கள்தொகைக்குப் பொருந்தாது என்பது வெறும் கூட்டல் கழித்தல். யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2019-இல் அரசு மாறியிருந்தபோதும் அமைச்சரவை விகிதத்தைத் தொடாமல் இடங்களை மட்டும் பெருக்கியது என்பதையும், 2024-இன் 10 ஏ உறுதி விகிதத்தைக் கலைக்காமல் அதன் பக்கத்தில் வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த நாட்டில் விகிதம் உடைந்து மாறுவதில்லை, சுற்றிலும் புதிது புதிதாகக் கட்டப்பட்டு மாறுகிறது. கட்டச் சொல்ல வேண்டியது வருமானத்தை வைத்த அளவுகோல். கேமரன் மலை ஒராங் அஸ்லி மாணவருக்கும், சபாவின் மீனவர் மகளுக்கும், பூச்சோங் அடுக்குமாடித் தமிழ்ப் பையனுக்கும் அது ஒன்றாகப் பயன்படும். அதைக் கேட்கும் குரலும் ஓர் இனத்தின் குரலாக ஒடுங்கிப்போகாது. மெட்ரிகுலேஷனின் தொண்ணூறு பங்கிலும் சுபாங் ஜெயாவின் வசதியான வீட்டுப் பிள்ளை கிளந்தான் ஏழைப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்ற கேள்வியை மலாய்ப் பெற்றோரே கேட்கத் தொடங்கினால் ஆச்சரியப்படத் தேவையில்லை.

ஆறாம் படிவத்தின் குறைகளை மூடிமறைத்து அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அங்கே பெரும்பாலானோர் கலைப்பிரிவில் இருக்கிறார்கள். அறிவியல் பிரிவு பல பள்ளிகளில் ஒரு வகுப்புக்குக்கூட ஆள் சேராமல் மூடிவிட்டது. ‘வேறெங்கும் கிடைக்காதவர்கள் போகிற இடம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எஸ்.பி.எம். முடித்த நண்பர்கள் கல்லூரி உடையில் சன்வே பிரமிட்டில் சுற்றும்போது, தான் மட்டும் சீருடையோடு அதே பள்ளி மணிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது பதினெட்டு வயதில் பெரிய மனத்தாங்கல். அதைச் சிரித்துத் தள்ளுபவர்கள் தங்கள் பதினெட்டை மறந்தவர்கள். இதற்கெல்லாம் மாற்று ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஆறாம் படிவத்துக்கென்றே தனிக் கல்லூரி இயங்குகிறது. சிதறிக் கிடக்கும் அறிவியல் மாணவரை ஓரிடத்தில் சேர்த்தால் வகுப்பு நிரம்பும், ஆசிரியர் நிலைப்பார், மாணவரும் தம்மைக் கல்லூரி மாணவராக உணர்வார்கள். சுபாங் ஜெயா, பூச்சோங், ஷா ஆலம் வட்டாரத்துக்கும் அப்படியொன்று வேண்டும் என்று கேட்பது, 2,200-ஐ 2,500 ஆக்கு என்று கேட்பதைவிடக் கவர்ச்சி குறைந்த கோரிக்கை, மேடையில் கைதட்டல் வாங்காது. ஆனால் அங்கே கிடைக்கும் இடத்துக்கு ஆண்டுதோறும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

பேருந்துச் செலவுக்கும் மீள்பார்வை வகுப்புக்கும் சமூக அமைப்புகள் கொடுக்கக்கூடிய பணம் சிறிதல்ல. கோயில் நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் எஸ்.பி.எம். சாதனையாளருக்கு மேடையில் காசோலை கொடுப்பதை விரும்புகின்றன. அந்தக் காசோலையில் பாதியை எஸ்.டி.பி.எம். முதல் பருவத்தில் தடுமாறும் மாணவருக்குத் திருப்பினால் பலன் அதிகம் என்பது என் துணிபு, புகைப்படம் அவ்வளவு நன்றாக வராது என்றாலும். அரசிடம் கேட்பதிலோ ஒன்றை முதலில் வைக்க வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத் தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் சராசரித் தகுதிப் புள்ளியை அரசே வெளியிடுகிறது. மருத்துவமோ கணக்கியலோ, எந்தப் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதே போன்ற அட்டவணையை மெட்ரிகுலேஷனுக்கும், கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, ஒதுக்கீட்டுப் பங்கு வாரியாக வெளியிட ஒரு தனிச் சட்டம் தேவையில்லை, ஒரு ரிங்கிட் கூடுதல் செலவும் இல்லை. எஸ்.பி.எம். முடிவுக்கும் மெட்ரிகுலேஷன் அழைப்புக்கும் இடைப்பட்ட நாள்களில் பெற்றோர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, தம் பிள்ளைக்கு ஆறாம் படிவமா வேறு வழியா என்று அந்த வாரத்திலேயே முடிவெடுத்துவிடலாம். முறையீட்டுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சேவை மையமாக அலைய வேண்டியதில்லை.